நால்வர் பெயரில் ஒருவர் வேலை

பொறியியல் படிப்பின் இறுதிப் பருவத்தில் மூன்று அல்லது நான்கு மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து திட்டப்பணி ஒன்றை முடித்தாக வேண்டும். கணினி அறிவியல் மாணவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு மென்பொருள். இடையில் மதிப்பாய்வுகள், இறுதியில் அறிக்கை, வாய்மொழித் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இதற்கு 10 கிரெடிட். மற்றப் பாடங்களுக்கு மூன்று, நான்குதான். அவ்வளவு எடை கொண்ட இந்தப் பணி, பெயரளவுக்கே குழுப்பணியாக நடந்து வருகிறது என்பது கல்லூரி வளாகங்களில் எல்லோரும் அறிந்த, எவரும் உரக்கப் பேசாத உண்மை.

விராலிமலை வட்டாரத்து மாணவர்கள் சிலரின் திட்டப்பணிகளைச் சில ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். இலுப்பூர், அன்னவாசல், மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் கல்லூரி செல்பவர்கள் அவர்கள். பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அறிக்கையின் முகப்பில் நான்கு பெயர்கள் இருக்கும். உள்ளே நிரலைப் பார்த்தால் எழுதிய கை ஒன்றே என்பது தெரிந்துவிடும். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் அதை எழுதுகிறார். இன்னொருவர் அறிக்கையைத் தட்டச்சு செய்கிறார். மூன்றாமவர் விளக்கப்படங்களைத் தயாரிக்கிறார். நான்காமவர் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் அலைகிறார். குழுவில் மாணவி இருந்தால், அறிக்கை வேலை பெரும்பாலும் அவருக்கே போய்ச் சேர்கிறது.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலையைப் பங்கிடுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதே முதன்மையான காரணம். நிரல் எழுதத் தனிப் பாடங்கள் உண்டு. நான்கு பேர் சேர்ந்து ஒரே நிரலை எழுதுவதற்கான பயிற்சி மிகக் குறைவு. குழுவாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டால் குழு உருவாகிவிடும் என்று நாம் நம்புகிறோம்.

'ஊர் கூடித் தேர் இழுப்பது' என்ற வழக்கு கூட்டு முயற்சிக்கு நாம் எப்போதும் எடுத்தாளும் உவமை. விராலிமலையில் தைப்பூசத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வடம் ஒன்று, திசை ஒன்று. கூடுதலாக ஒரு கை சேர்ந்தால் கூடுதலாக ஒரு கையின் வலு. மென்பொருளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற பெரும் மென்பொருள் பணியை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் வகுத்த விதி. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் பேசியாக வேண்டுமானால், மூவர் குழுவில் மூன்று இணைப்புகள். நால்வர் குழுவில் ஆறு. பத்துப் பேர் என்றால் நாற்பத்தைந்து. கைகள் பெருகுவதைவிட வேகமாகப் பேச்சின் தேவை பெருகுகிறது. பேசாத குழுவில், ஒருவரே எல்லாவற்றையும் எழுதிவிடுவது உண்மையிலேயே எளிது. நம் மாணவர்கள் அந்த எளிய வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பேசாமல் பங்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று உண்டு. செவ்வாய்க் கோளை ஆராய 1998 டிசம்பரில் நாசா ஏவிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பரில் அக்கோளை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசையின் அளவை ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்தது. மறு தரப்பு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரு தரப்பிலும் கணக்குப் போடத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிழை இருந்தது.

அந்தச் சந்திப்பு இடத்தை நம் ஊர் அளவில் பார்ப்போம். பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு மாணவர்கள் கணக்கு மென்பொருள் செய்வதாகக் கொள்வோம். பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் பதிவு செய்யும் திரையை ஒருவர் எழுதுகிறார், தரவுத்தளத்தை ஒருவர், பணம் கணக்கிடும் பகுதியை ஒருவர், மாதப் பட்டியலை ஒருவர். உறுப்பினர் எண் 007 என்பதைத் திரை எழுதுபவர் எழுத்தாகக் கருதுகிறார். தரவுத்தளம் அமைப்பவர் எண்ணாகக் கருதுகிறார். சேமித்ததும் அது வெறும் 7 ஆகிவிடும். மாதப் பட்டியல் 007ஐத் தேடும், கிடைக்காது. காலைப் பாலும் மாலைப் பாலும் ஒரே பதிவா, இரண்டு பதிவுகளா? தேதியில் முதலில் நாளா, மாதமா? இவற்றை நால்வரும் முதல் வாரத்திலேயே அமர்ந்து பேசி, இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டால், அதன்பின் அவரவர் பகுதியை அவரவர் எழுதலாம். எழுதிக்கொள்ளாவிட்டால், சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவில் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

அந்த இரவின் காட்சியும் எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் கோப்புகள் பறக்கும். 'பைனல்', 'பைனல் 2', 'புது பைனல்' என்று பெயர்கள் நீளும். ஒருவர் திருத்தியதன் மேல் இன்னொருவர் தம் பழைய பிரதியைப் பதிந்துவிடுவார்; ஒரு வார உழைப்பு மறைந்துபோகும். இதைத் தவிர்க்கும் கருவி இருபது ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், உலகெங்கும் சிதறிக் கிடந்த அதன் நிரலாளர்களை ஒருங்கிணைக்க 2005இல் உருவாக்கிய 'கிட்' அது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை அது பதிந்துவைக்கிறது. இருவர் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் இணைக்காமல் நின்றுவிடுகிறது. எது சரி என்று மனிதர்கள்தாம் முடிவுசெய்ய வேண்டும்.

மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டிய மாணவருக்கு இக்கருவி நகரத்து மாணவரைவிடக் கூடுதலாகப் பயன்படும். விடுதியில் தங்கியிருப்போர் இரவெல்லாம் சேர்ந்து அமர முடியும். கிராமத்துக்குத் திரும்புவோருக்கு, குறிப்பாக மாணவிகளுக்கு, அது முடியாது. முறையாகப் பங்கிட்ட பணியில் ஒருவர் இரவில் எழுதியதை இன்னொருவர் காலையில் படித்துத் திருத்தலாம். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கருவி கைக்கு வரும்போது, சேர்ந்து உழைக்கும் முறையும் உடன் வர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கப்படுகிறது. அதனால்தான் இது இன்னும் தேவையாகிறது என்பேன். நான்கு மாணவர்கள் நான்கு பகுதிகளையும் தனித்தனியே சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கினால், ஒன்றோடொன்று பொருந்தாத நான்கு நிரல்கள் கிடைக்கும். உறுப்பினர் எண் எழுத்தா, எண்ணா என்று குழு முடிவுசெய்து சொல்லாதவரை இயந்திரத்துக்கு அது தெரியாது. நிரலின் விலை குறையும்போது, பிரிப்பதற்கும் பொருத்துவதற்கும் பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதற்குமான திறனின் விலை ஏறுகிறது. வேலைக்குச் சேரும் இளைஞர் முதல் நாளில் வெற்றுத் திரையில் எழுதத் தொடங்குவது அரிது. பிறர் எழுதிய பல்லாயிரம் வரிகளுக்கு நடுவே ஒரு சிறு திருத்தம் செய்யச் சொல்வார்கள்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. முதல் மதிப்பாய்வில் தலைப்பையும் படங்களையும் மட்டும் பார்க்காமல், பகுதிகள் எப்படிச் சந்திக்கும் என்ற இரண்டு பக்க உடன்பாட்டைக் கேட்கலாம். இரண்டாம் மதிப்பாய்வில் ஒவ்வொருவரும் மற்றவர் எழுதிய பகுதியில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து காட்டச் சொல்லலாம். இறுதி மதிப்பெண்ணில் ஒரு பங்கை, கிட் பதிவேட்டில் தெரியும் தனிப்பட்ட உழைப்புக்கு ஒதுக்கலாம். இரண்டாம் ஆண்டிலேயே கிட்டைக் கற்பிக்கலாம். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகளோடு இதை இணைப்பதும் இயலும். ஆறு பேர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' விதித்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால், 36 மணி நேரப் போட்டி ஒரு பருவம் முழுதும் நீளும் பொறுப்புக்கு ஈடாகாது.

பல குழுக்களைக் கவனிக்கும் ஆசிரியருக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. தடித்த அறிக்கையைப் புரட்டுவதைவிடப் பதிவேட்டைப் பார்ப்பதற்குக் குறைந்த நேரமே ஆகும். ஒருவர் பெயரில் இன்னொருவர் பதிய முடியாதா என்றால், முடியும். அதனால்தான் பிறர் பகுதியை விளக்கச் சொல்லும் வாய்மொழித் தேர்வும் அதனுடன் சேர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய தயார் திட்டப்பணிகள் இன்று தப்பிப்பது, முடிந்த பொருளை மட்டும் நாம் பார்ப்பதால்தான். நான்கு மாதம் படிப்படியாக வளர்ந்த வரலாற்றையும், அதை விளக்கத் தெரிந்த நால்வரையும் கடையில் வாங்குவது எளிதல்ல.

இந்தப் பணியில் நீங்கள் செய்தது என்ன என்பது வேலைக்கான நேர்காணல்களில் தவறாமல் எழும் கேள்வி. பெரிய நகரத்து மாணவருக்கு அதற்குப் பதில் சொல்லித்தர அண்ணனோ அக்காவோ அதே துறையில் இருக்கக்கூடும். விராலிமலைப் பக்கத்து முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரியை விட்டால் வேறு இடமில்லை. நால்வரில் மூவர் அந்தக் கேள்விக்குப் பதிலின்றி வெளியேறும் முறையை இனியும் குழுப்பணி என்று அழைத்து 10 கிரெடிட் வழங்கிக்கொண்டிருப்பது, அவர்களை நம்பிப் படிக்க அனுப்பிய குடும்பங்களுக்கு நாம் இழைக்கும் அநீதி.