பயிற்சி என்னும் பெயரில் வெட்டி!

வைகறையில் வாலாசாபாத்துச் சாலையோரம் நிற்பார்க்கு ஒரு காட்சி தப்பாது கிட்டும். ஒரகடத்திற்கும் வல்லம் வடகாலுக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் செல்லும் ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நிற்கும். பதினெட்டும் இருபதும் அகவையுடைய பிள்ளைகள் தூக்கம் கலையாத கண்களோடு ஏறுவர். வடமாவட்டங்களினின்றும் தென்மாவட்டங்களினின்றும் வந்து, ஓர் அறைக்கு ஐவர் அறுவராய்த் தங்கியிருப்போர் அவருட் பலர். உடுத்திருக்கும் சட்டை ஒன்று. நிற்கும் வரிசை ஒன்று. முடுக்கும் திருகாணியும் ஒன்று. கழுத்தில் தொங்கும் அட்டையிற் பொறித்துள்ள சொல் மட்டும் வேறு. ஒருவன் ‘தொழிலாளி’. அவன் தோளுரச நிற்பவன் ‘அப்ரண்டிசு’, அல்லது ‘டிரெயினி’, அல்லது ‘இண்டர்ன்’. அந்த ஒரு சொல்லால் ஒருவனுக்குக் கூலி; மற்றவனுக்கு உதவித்தொகை. ஒருவனுக்கு உரிமை, மற்றவனுக்குச் சான்றிதழ்!

(ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாசாவின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊர் இது. ஆண்டவன் பெயர் ஊர்க்கு ஒட்டிக்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டுச் செய்தி. ஆட்டிவைப்பவன் கொடுத்த பெயர் உழைப்பவனுக்கு ஒட்டிக்கொண்டது இந்நூற்றாண்டுச் செய்தி.)

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய மகிழுந்து ஆலை ஓடத் தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்பூதூரில் நோக்கியாக் கைப்பேசி ஆலை எழுந்தது. 2014 நவம்பர் முதல் நாளில் அது கதவடைத்துப் போனது வேறு கதை. ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த வட்டாரம் இருபதாண்டுகளில் ஆலைக்காடாயிற்று. நிலத்தைக் கொடுத்த சிற்றூர்களுக்குச் சொல்லப்பட்ட சொல் ‘வேலை’ என்பது. அவ்வூர்ப் பிள்ளைகள் பலர்க்குக் கிடைத்ததோ ‘பயிற்சி’.

பயிற்சி வேண்டாமா என்று கேட்பார் உளர். வேண்டும். எந்தத் தொழிலும் கற்றே வரும். ஆனாற் கற்பவன் யார் என்பதைத் தமிழர்க்கு எவரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தச்சனிடமும் கொல்லனிடமும் தொழில் கற்கச் சேர்ந்த பிள்ளை மரத்தைக் கெடுப்பான்; இரும்பை வீணாக்குவான்; ஆசான் திட்டிக்கொண்டே பொறுப்பான். அவன் வராத நாளிற் பட்டறை நிற்பதில்லை. ஆசானுக்கு அன்று தொல்லை ஒன்று குறையும், அவ்வளவே. கற்று முடித்தவன் அத்தொழிலுக்கு உரியவனாய் வெளியே வருவான். ஒரகடத்து வரிசையில் நிற்கும் பயிலுநன் ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகும்? வரிசை நிற்கும், கண்காணிப்பாளர் பதறுவார், வேறோர் ஆளை இரண்டு முறை வேலைக்கு நிறுத்துவார். எவன் வராவிடின் ஆக்கம் நின்றுபோகுமோ அவன் உழைப்பாளி. அவனை மாணவன் என்பது பொய். ஒரே திருகாணியை ஒரே இடத்தில் முடுக்கக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் வேண்டும்? ஒரு கிழமையா, இரு கிழமையா? எஞ்சிய ஐம்பது கிழமையும் அவன் யாரிடம் எதைப் பயில்கின்றான்? ஓராண்டு முடிந்ததும் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப, அதே இடத்திற்கு அடுத்த ஊர்ப் பிள்ளை வருகின்றான். இடம் நிலையானது, வேலை நிலையானது, ஆள் மட்டும் நிலையில்லாதவன்.

இக்கொடுமைக்குச் சட்டமே வாயில் திறந்து வைத்திருக்கின்றது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பயிலுநர் பயில்வோரே, தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர்க்குரிய சட்டங்கள் அவர்க்குப் பொருந்தா என்றும் கூறுகின்றது. நாட்டில் தொழில் வல்லாரை உருவாக்குதல் என்னும் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதே அச்சட்டம். ஆனால், 2014-இல் தில்லியரசு அதனைத் திருத்தியபோது, மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத்தண்டனை நீக்கப்பட்டுத் தண்டத்தொகை மட்டும் எஞ்சியது. பயிலுநன் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதனை வரையறுக்கும் உரிமையும் முதலாளியின் கையிலேயே கொடுக்கப்பட்டது. ஆலையின் மொத்த ஆள்வலிமையில் பத்து விழுக்காடு வரை பயிலுநரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது 2019-இல் பதினைந்து விழுக்காடாயிற்று. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும், ‘பணியாளர்’ என்னுஞ் சொல்லுக்கு வரையறை கூறுமிடத்துப் பயிலுநரை மறவாமல் விலக்கி வைத்திருக்கின்றது. ஆறாயிரம் சொல்லிற் சட்டம் எழுதினாலும், ஒருவனை வெளியே தள்ள ஒரு சொல் போதும்.

இச்சொற்சூழ்ச்சி புதியதன்று. ஆங்கிலப் பேரரசு 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. 1834 ஆகத்து முதல் நாள் மேலையிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றதாகப் பறைசாற்றப்பட்டது. மறுநாள் அவர்கள் என்னவாயினர்? ‘அப்ரண்டிசு’ ஆயினர்! அதே கரும்புத் தோட்டம், அதே உடையவன், கிழமைக்கு நாற்பது மணிக்கு மேற்பட்ட கூலியில்லா உழைப்பு. தலைமுறை தலைமுறையாய்க் கரும்பு வெட்டியவனுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சி கொடுத்தார்களாம்! அடிமைகளை இழந்த உடையவர்க்கு இழப்பீடாக இரண்டு கோடி பவுண்டு ஒதுக்கிய அரசு, அடிமைப்பட்டவர்க்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து 1838-இல் அந்த ஏமாற்று முடிவுக்கு வந்தது. ஆலைக்காரர் இன்று அட்டையில் அச்சிடும் சொல்லின் பழைய வரலாறு இது.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்துப் பஞ்சாலைகள், ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டுக்குப் ‘பயிலுநர்’ என்று எழுதிக்கொண்டு விடுதிகளில் அடைத்து வைத்தன. இறுதியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாய்க் கிடைக்கும், திருமணத்திற்கு உதவும் என்று ஆசை காட்டின. அதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று வடசொல்லில் ஒரு மங்கலப் பெயர்! இடையில் நோயுற்று வெளியேறிய பெண், சேர்ந்த தொகையையும் இழந்து வெறுங்கையோடு திரும்பினாள். பஞ்சாலைப் பயிலுநர்க்கும் குறைந்த அளவுக் கூலி வரையறுக்க 2008-இல் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. உண்மையிலேயே அவர்கள் பயில்வோராய் இருந்திருப்பின் அவ்வாணைக்குத் தேவை ஏது?

இப்பொழுது தில்லியரசே முகவராய் இறங்கியிருக்கின்றது. 2024 சூலையில் வரவு செலவுத் திட்டத்தோடு அறிவிக்கப்பட்டு அக்டோபரில் முன்னோட்டமாய்த் தொடங்கிய தலைமையமைச்சர் பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள். ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞர்; நாட்டின் மிகப்பெரிய 500 நிறுவனங்கள்; ஓராண்டுப் பயிற்சி; திங்களுக்கு 5,000 உருபா. அந்த ஐயாயிரத்தில் 4,500 மக்கள் வரிப்பணம். நாட்டின் தலையாய செல்வ நிறுவனம் கொடுப்பது 500. அதுவும் குமுகாயப் பொறுப்பிற்கென்று ஒதுக்கிய தொகையினின்று. அறமாகவும் எழுதிக்கொள்ளலாம், ஆளும் கிடைக்கும்! அதே 2024-25-இல் தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்திற்கு வரையறுத்த நாட்கூலி 319 உருபா. இருபத்தாறு நாளுக்குக் கணக்கிட்டால் 8,294. ஏரியில் மண் வெட்டும் மூதாட்டியின் உழைப்புக்குச் சட்டம் வகுத்த விலையைக் காட்டிலும், பட்டம் பெற்ற பேரனின் உழைப்புக்கு விலை மூவாயிரம் குறைவு. ஓராண்டு முடிந்தபின் வேலை உறுதியா என்றால், அதுவும் இல்லை.

“ஒன்றுமில்லாததற்கு இது மேலன்றோ? பட்டறிவாவது கிடைக்குமே! பிள்ளைகள் தாமே விரும்பிக் கையெழுத்திடுகின்றனர், எவர் வற்புறுத்தினார்?” என்பது முதலாளிகளின் கேள்வி, படித்த தமிழர் சிலரின் கேள்வியும் அதுவே. இதற்கு விடை நாற்பதாண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டு விட்டது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டட வேலையில், நாளுக்கு 9.25 உருபா கூலியினின்று ஓர் உருபாவை இடைத்தரகர் பறித்துக்கொண்டனர். வழக்கு உச்சநயன்மன்றம் சென்றது. சட்டம் வகுத்த குறைந்த கூலிக்கும் கீழே ஒருவன் உழைக்க இசைகின்றான் என்றால் அவனைப் பசி இசைய வைக்கின்றது. பசியின் வற்புறுத்தலும் வற்புறுத்தலே. அவ்வுழைப்பு, அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று தீர்த்தார் நடுவர் பகவதி. அடுத்த ஆண்டே இராசத்தான் அரசு, “பஞ்சத்தில் வாடுவோர்க்கு நாங்கள் செய்வது உதவி, உதவிக்குக் கூலி வரம்பு ஏது?” என்று வாதாடியது. எடுபடவில்லை. சாலை போட்டவன் உழைத்தான். உழைத்தவனுக்குக் குறைந்த கூலி உண்டு. உதவி என்னும் பெயரால் அதனைக் குறைத்தல் ஆகாது என்பதே அம்மன்றத்தின் முடிவு. ‘உதவி’ என்னும் இடத்திற் ‘பயிற்சி’ என்று எழுதிப் பாருங்கள். ஒரகடத்துக்கு வேறு விடை தேட வேண்டா.

அந்த 23-ஆம் பிரிவில் ஒரு சொற்செய்தி உண்டு. கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்க, ஆங்கிலத்தில் சட்டம் எழுதினோர் ‘பேகார்’ என்னும் வடநாட்டுச் சொல்லை அப்படியே இட்டனர். தமிழில் அதற்குச் சொல் ஆயிரம் ஆண்டுகளாய் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் குடிமக்கள் இறுக்க வேண்டிய கடமைகளுள் ‘வெட்டி’ என்பது மீண்டும் மீண்டும் வரும். கூலி பெறாது செய்து தீரவேண்டிய வேலை அது. காஞ்சியும் உத்தரமேரூரும் சூழ்ந்த இந்நிலத்தார் அச்சொல்லை நன்கறிவர். காலப்போக்கில் அச்சொல்லுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கூலியின்றி உழைத்தவன் வேலை ‘வெட்டி’ என்றிருந்தது போய், வேலை கிடைக்காதவனை ‘வெட்டிப்பயல்’ என்று ஏசும் வழக்கு வந்துவிட்டது. ‘கூலி’யும் அவ்வாறே. உழைப்பின் விலையைக் குறித்த சொல் கடல் கடந்து போய், உழைத்த தமிழனையே இழித்துரைக்கும் சொல்லாய்த் திரும்பி வந்தது. சொல்லைத் திருடியவனிடம் பொருள் தப்புவதில்லை.

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘அப்ரண்டிசு’ வேண்டா, ‘தொழிற்பயிலுநர்’ என்க. ‘இண்டர்ன்சிப்பு’ வேண்டா, ‘உள்ளகப் பயிற்சி’ என்க. ‘வாலண்டியர்’ வேண்டா, ‘தன்னார்வலர்’ என்க என்று அழகழகாய்ச் சொல்லாக்கித் தருகின்றோர் உளர். நற்பணியே. ஆயினும், பொய்யான பொருளுக்கு நல்ல தமிழ்ச்சொல் சூட்டினால் பொய்க்குத்தான் அழகு கூடும். மொழிபெயர்க்குமுன் அச்சொல் எதனை மறைக்கின்றது என்று பார்ப்பதும் புலவன் கடனே.

‘தன்னார்வலர்’ என்னும் சொல்லும் இவ்வழியிலேதான் இழுக்கப்படுகின்றது. 2015 திசம்பர் வெள்ளத்தில் காஞ்சி மாவட்டத்திலும் சென்னையிலும் இடுப்பளவு நீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்த இளைஞர் செய்தது தொண்டு. அதற்குக் கூலி பேசுவார் எவருமிலர். வெள்ளம் வடிந்ததும் தொண்டும் முடிந்தது. எவன் வேலையும் அதனாற் பறிபோகவில்லை. ஆண்டு முழுதும் நாள்தோறும் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் செய்தே தீரவேண்டியது தொண்டன்று, வேலை. பெருந்தொற்றில் பள்ளி மூடிக்கிடந்து பிள்ளைகள் கற்றதை மறந்தபோது, 2021 அக்டோபரில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ காலத்தாற் செய்த உதவி. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மாலைதோறும் வந்து கற்பித்த பட்டம் பெற்ற பெண்களுக்குத் திங்களுக்கு ஆயிரம் உருபா. இத்துணை மலிவாய் ஆள் கிடைக்கும் என்று ஒருமுறை கண்டுகொண்ட அரசு, ஆசிரியர் இடங்களை முழுதும் நிரப்ப விரையுமா? வீடு வீடாய்ப் போய்த் தாய்சேய் நலம் பேணும் பெண்களை 2005 முதலே தில்லியரசு ‘தன்னார்வலர்’ என்றே கணக்கில் வைத்திருக்கின்றது. திங்களுக்கு 7,000 உருபா மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு, 2025 பிப்ரவரியிற் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் மாதக்கணக்கில் அமர வேண்டியிருந்தது. மதிப்பு இருக்கின்றதாம், ஊதியந்தான் இல்லை!

தொழிலாளி என்னும் பெயர் பெற்றவர்க்கே உரிமை எளிதில் வாய்ப்பதில்லை. சுங்குவார்சத்திரத்துச் சாம்சங்கு ஆலைத் தொழிலாளர் தம் அமைப்பைப் பதிவு செய்யவும் பேசவும் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலையை நிறுத்தினர். பதிவு கிடைத்தது 2025 சனவரியில். நிலையான வேலையும் ஒற்றுமையும் உடையார்க்கே இந்நிலை என்றால், சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே அல்லாதவன், ஓராண்டில் ஊர் திரும்பப் போகின்றவன், எவரிடம் போய் முறையிடுவான்?

தமிழ்நாட்டின் கையிலேயே ஒரு கருவி உண்டு. 1981-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய நிலைப்பேற்றுச் சட்டம், இருபத்து நான்கு திங்களில் 480 நாள் தொடர்ந்து உழைத்த தொழிலாளியை நிலையாக்க வேண்டும் என்கின்றது. பயிலுநன் என்று பெயரிட்டு, 480-ஆம் நாள் வருமுன் அனுப்பிவிட்டால் அச்சட்டம் அவனைத் தீண்டுவதில்லை. ஆகலின் அச்சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும்: ஆக்க வரிசையில் நின்று உழைத்த நாள், எப்பெயரால் உழைத்ததாயினும், அந்த 480-இல் எண்ணப்படுதல் வேண்டும். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் பயிலுநரை மாற்றி மாற்றி நிறுத்தும் ஆலையில், அவ்விடம் நிலையான வேலையிடம் என்றே கொள்ளப்படுதல் வேண்டும். அங்கு நிற்பவனுக்கு அவ்வேலைக்குரிய முழுக் கூலியும் கொடுக்கப்படுதல் வேண்டும். அடுத்த சட்டமன்றத் தொடருக்குமுன் காஞ்சி மாவட்டத்துத் தொழிலாளர் அமைப்புகளும் தமிழ் மன்றங்களும் ஒன்றுகூடி, இவ்வேண்டுகையைத் தொகுதி உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் எழுத்தாற் கொடுத்துக் கையொப்பம் பெற்று வரட்டும்.