மார்பகப் புற்றுநோய்: தந்தைவழி வரலாறும் முக்கியம்

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு வரை பரம்பரையாக வருபவை. இதற்குக் காரணமான பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணு மாற்றங்களை ரத்தப் பரிசோதனையில் அறியலாம். 'தாய்வழியில் எவருக்கும் இல்லை' என்று நோயாளிகள் இதனைத் தவிர்ப்பது சரியன்று. தந்தை வழியாகவும் இம்மாற்றம் வரக்கூடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், மகன், மகள் ஒவ்வொருவருக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

அந்தமானின் அபர்டீன் பஜாரில் வசிக்கும் தமிழருக்குத் தாயகத்து உறவினரின் நோய் விவரம் எளிதில் எட்டுவதில்லை. சென்னை 1,300 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. மகளின் திருமணம் தடைபடும் என்ற அச்சத்தில் முடிவை மறைத்தால், அவருக்கு உரிய முன்கூட்டிய கண்காணிப்பு கிடைக்காமல் போகும். ஆகவே, மருத்துவரைச் சந்திக்கும் முன் இருவழி உறவினரிடமும் கேட்டறிவதே முதல் படி.