கடைமடைக்குக் காப்பு

கடலூர் ஜில்லாவின் குடியானவனுக்கு மழையும் வேண்டும்; மழையினால் அச்சமும் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயல் பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ம் வருஷத்துப் பெருமழையில் சம்பா வயல்கள் ஏரிகளாயின. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகள் காவேரிப் பாசனத்தின் கடைமடை. பஞ்ச காலத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேருமிடமும் இதுவே. வெள்ள காலத்தில் வந்து தேங்குமிடமும் இதுவே. போதாததற்குக் கரையோரத்தில் உப்பு வேறு. நஷ்ட ஈட்டினால் மட்டும் இத்துன்பம் தீருமா? பயிருக்கே தாங்கும் சக்தியை அளிப்பதன்றோ நிலையான பரிகாரம்?

அதற்கு வழியில்லாமலில்லை. சாதாரண நெற்பயிர் நீரில் மூழ்கினால், தலையை வெளியே நீட்ட முயன்று சத்தையெல்லாம் செலவழித்து மடிகிறது. ஒரிஸ்ஸாக் குடியானவர்கள் பரம்பரையாகப் போற்றிய ஒரு ரகமோ, வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது. அக்குணத்தை விஞ்ஞானிகள் நல்ல விளைச்சலுள்ள ரகங்களில் சேர்த்துவிட்டார்கள். 2009-ல் நம் தேசத்தில் வெளிவந்த ஸ்வர்ணா ஸப்-1 அத்தகையது. நம் சம்பாவுக்கேற்ற ஸி.ஆர். 1009 ஸப்-1 என்பதும் அவ்வாறே சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். ஆனால் இக்குணம் இளம்பயிருக்கே உதவும். கதிர் வந்தபின் சூழும் வெள்ளத்துக்கும் மாதக்கணக்கில் தேங்கும் நீருக்கும் இது மருந்தன்று.

உப்பின் விஷயத்திலும் விவேகம் வேண்டும். உவரும் களரும் ஒன்றல்ல. உவர் நிலத்து உப்பை நல்ல தண்ணீர் கட்டிக் கழுவி வடித்துவிடலாம். களருக்கோ முதலில் ஜிப்ஸம் இடவேண்டும். அதன்பின்னரே கழுவுதல் பலன் தரும். இரண்டிலும், தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், மண் இளகுவதோடு தழைச்சத்தும் சேரும், உரச்செலவும் குறையும்.

நிற்க. வெள்ளம் வடிவதற்கும் வடிகால் வேண்டும். கழுவிய உப்பு வெளியேறவும் வடிகால் வேண்டும். வாய்க்கால் தூர்ந்து கிடக்க, விதையை மட்டும் மாற்றி என்ன பயன்? ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே வடிகால்களைத் தூர் வாருவது சர்க்காரின் முதற்கடமை. தாங்கும் ரகங்களின் விதையைக் கிராமங்களிலேயே பெருக்கி ஏழைக் குடியானவனுக்கும் எட்டும் விலையில் கொடுப்பது இரண்டாவது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவு அருகிலேயே இருக்கையில், யோசனை கூற ஆளில்லை என்று சொல்ல இடமில்லை.

2020-ல் இயற்றப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இப்பகுதி நிலத்தைக் காக்க முற்பட்டது. நிலத்தைக் காத்தவர்கள் அதில் நிற்கும் பயிரையும் காக்கவேண்டாமா? தேச ஊழியர்கள் கிராமந்தோறும் சென்று இதை வற்புறுத்துவார்களாக.