குரல் தெளியாதபோது

மார்கழி விடியலில் அபிராமபுரத்திலும் அண்டையிலுள்ள மயிலாப்பூர் மாடவீதிகளிலும் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடிச் செல்வோர்க்குத் தொண்டை கட்டிக்கொள்வது புதிதன்று. மிளகும் பனங்கற்கண்டும் சேர்த்த சூடான பாலில் பெரும்பாலும் அது தணிந்துவிடும். ஆனால் தை பிறந்து பல நாள்கள் சென்றும் குரல் தெளியாவிட்டால், சிலர் வயதின் இயல்பு என்று விட்டுவிடுகின்றனர். சிலர் புற்றுநோயாக இருக்குமோ என அஞ்சியே மருத்துவரிடம் செல்லாது காலம் கடத்துகின்றனர். இரண்டுமே கேடு.

நீடித்த கரகரப்புக்குக் காரணங்கள் பல. அளவுக்கு மீறிக் குரலை வருத்துவது, இரைப்பை அமிலம் மேலேறுவது, தைராய்டு குறைபாடு ஆகியவை அவற்றுட் சில. புற்றுநோயும் ஒரு காரணமே. இவற்றினும் மிக அரியது, குரல்வளையில் மட்டும் தோன்றும் அமிலாய்டோசிஸ். உடல் உண்டாக்கும் ஒருவகைப் புரதம் உரிய வடிவில் மடியாமல், கரையாத இழைகளாகித் திசுக்களில் படிவதே இந்நோய். 1854-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ச்சோ, அயோடின் பட்டதும் நிறம் மாறிய இப்படிவை மாவுப்பொருள் என எண்ணி, அப்பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அமிலாய்டு என்று பெயரிட்டார். அது புரதம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

இது புற்றுநோய் அன்று, தொற்றும் அன்று. குரல்நாண்களிலோ அவற்றுக்குச் சற்று மேலேயோ மெல்ல மெல்லப் படிந்து குரலைக் கனக்கச் செய்யும். மிகுந்தால் மூச்சுக்கும் இடையூறாகும். கண்ணால் பார்த்து மட்டும் இதனை உறுதி செய்ய இயலாது. சிறிது திசுவை எடுத்துக் காங்கோ சிவப்பு என்னும் சாயமேற்றி, முனைவுற்ற ஒளியில் நுண்ணோக்கி வழியே நோக்கினால் ஆப்பிள் பச்சை நிறம் தோன்றும். இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் அமிலாய்டு இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். குரல்வளையோடு நின்றதாயின், நுண் அறுவையாலோ லேசர் கதிராலோ படிவை அகற்றுவர். மீண்டும் படியக்கூடும் என்பதால் பல ஆண்டுகள் கண்காணிப்பு தேவை.

நோய் எதுவாயினும் குரல் தளர்ந்தால் பணி முடிந்துவிடுவதில்லை. சங்கீத கலாநிதி முசிறி சுப்பிரமணிய ஐயர் உடல்நலக் குறைவால் 1945-இல் மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். ஆயினும், 1949-இல் சென்னையில் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராகிப் பல சீடர்களை உருவாக்கினார். அவர் வாழ்ந்த மயிலாப்பூர்ச் சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

வாய்விட்டு ஓதும் வாசிகம், உதடு மட்டும் அசையும் உபாம்சு, மனத்துக்குள் ஓதும் மானசம் என ஜபம் மூவகைப்படும். மூன்றனுள் மானசமே உயர்ந்தது என்பர் பெரியோர். குரலுக்கு முழு ஓய்வு தரும்படி மருத்துவர் கூறிய நாள்களில் கிசுகிசுப்பாகப் பேசுவதும் குரல்நாண்களை வருத்தக்கூடும். அந்நாள்களுக்கு மானசமே உகந்தது.

மூன்று வாரங்களுக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நலம். விழுங்குவதில் சிரமமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் அதுவரைகூடக் காத்திருத்தல் ஆகாது. இறைவனைப் பாடும் குரலைப் பேணுவதும் வழிபாட்டின் ஓர் அங்கமே.