வெள்ளையணுவின் பிடி

அரிவாள் செல் சோகை என்றதும் வளைந்த சிவப்பணுக்களை மட்டுமே பேசுகிறோம். இந்நோய் தரும் கொடிய வலியில் வெள்ளையணுக்களுக்கும் பங்குண்டு. நுண்சிரையின் சுவரில் ஒட்டி நிற்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு, மேக்-1 என்ற ஏற்பியால் சிவப்பணுக்களைப் பற்றிக்கொள்வதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. தட்டணுக்களும் பி-செலக்டின் என்ற ஒட்டும் புரதத்தின் வழியே அதனுடன் இணைய, ரத்த ஓட்டம் அடைபடுகிறது. பி-செலக்டினைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப் என்ற மருந்துக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அடுத்த பெரிய ஆய்வில் பலன் உறுதிப்படாததால், 2023-இல் ஐரோப்பா தன் அனுமதியை விலக்கிக்கொண்டது. இதற்காக ஆய்வைக் கைவிடக் கூடாது. மற்ற ஏற்பிகளையும் ஆராய வேண்டும். அதுவரை, வெள்ளையணுக்களின் எண்ணிக்கையையும் குறைக்கும் பழைய மருந்தான ஹைட்ராக்சியூரியா, இந்நோய் உள்ள நீலகிரிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை.