கை நனைக்காத குருமார்கள்



தலித் விடுதலை பேசும் பத்திரிகையில் சீடத்துவம் பற்றித் தலையங்கமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம்மில் பலருக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர் உபதேசியார்தான். யார் யாருக்குக் குரு, யார் யாருக்குச் சீடன் என்பது வெறும் சாமி சமாச்சாரம் இல்லை. சாதி சமாச்சாரமும்தான்.

கொஞ்ச நாளைக்கு முன்பு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். தெற்கிலிருந்து வந்த ஓர் ஊழியக் குழு அங்கே சீடர்களை உருவாக்கிக் கொண்டிருந்தது. குழுத் தலைவர் ஆதிக்க சாதியில் பிறந்த கிறித்தவர். அவருடைய சீடன் நம்ம பக்கத்துச் சேரிப் பையன், ப்ளஸ் டூ முடித்தவன். அவனிடம் பாடம் கேட்பவர்கள் மலையாளிப் பிள்ளைகள். மலையாளி என்றால் கேரளாக்காரர்கள் இல்லை. தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேராக வந்து மலையேறினோம் என்று கதை சொல்பவர்கள். பேருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்பவர்கள்.

ஒரு வீட்டில் வயசான அம்மா சாமைச் சோறு ஆக்கி வைத்திருந்தார். தலைவர் "இன்னைக்கு எனக்கு உபவாசம்" என்றார். காலையில் அடிவாரத்தில் அவர் இட்லி சாப்பிட்டதை நான் பார்த்தேன். பையன் பசியோடு இருந்தான். அவன் எந்தத் தெரு என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவனுக்குத் திண்ணையில் இலை போட்டார்கள். சாயங்காலம் வகுப்பில் அதே பையன் மலைப் பிள்ளைகளைப் பார்த்து, "ஏய் காட்டுப்பயலே, ஒழுங்கா உக்காருடா" என்று அதட்டினான்.

ஆக, மேலே ஒருவன், நடுவில் ஒருவன், கீழே ஒருவன். அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு வேதாகம வகுப்புக்குள்ளும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

நான் எங்கே சாப்பிட்டேன்? உள்ளே. கையில் நோட்டுப் புத்தகம், தோளில் பை. எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பையன் கேட்டான்: "அண்ணே, நீங்க உள்ளதான சாப்பிட்டீங்க?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கூச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கை நனைப்பது நம் ஊரில் சாப்பாட்டு விஷயம் மட்டுமல்ல. உறவா இல்லையா என்று சொல்லிவிடும் விஷயம். இது மிஷனரிகளுக்கும் தெரிந்திருந்தது. 1850இல் மெட்ராஸ் மிஷனரி மாநாடு ஒரு தீர்மானம் போட்டது: பறையர் சமைத்த உணவைச் சாப்பிட்டுச் சாதியை முறித்துக் காட்டாதவருக்கு நற்கருணை கிடையாது. லைப்சிக் மிஷன் இதை ஏற்கவில்லை. சாதி சமூக வழக்கம்தான், மெதுவாகப் போகும் என்றார்கள் அதன் தலைவர்கள். அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சாதியோடு சமரசம் முடியாது என்று முறித்துக்கொண்டு வந்தார். அப்போதைய தென்னார்க்காட்டில், பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. கள்ளக்குறிச்சியும் அதே பழைய தென்னார்க்காடுதான். சாதியை விடாமல் சீடனாக முடியுமா என்ற சண்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து வெள்ளைக்கார மிஷனரிகளிடம் நேராகவே பேசினார். பணம் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது நட்பு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். தெலுங்கு நாட்டில் மாலா, மாதிகா மக்களிடையே வேலை செய்து 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனவர் அவர். அன்று வெள்ளைக்காரனிடம் கேட்ட கேள்வியை இன்று நமக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கிறது.

மலைக்குப் போய்ச் சீடர்களை உருவாக்கும் முன்பு, கீழே என்ன நடந்தது என்று பாருங்கள். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது எறையூர். ஒரே கோயில், ஒரே மாதா. ஆனாலும் தலித் பிணம் போக வேறு வழி, புதைக்க வேறு இடம். எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கிறித்தவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய ஊர் அது. தண்ணீர் தலையை நனைத்தது, சாதியை நனைக்கவில்லை.

மலையின் கதை வேறு. அங்கே மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். அவர்களும் மலையாளிகளே. மக்கள் வெட்டி வேலை செய்தார்கள். நாடு விடுதலை ஆகி 29 வருஷம் கழித்து, 1976இல்தான் ஜாகிர் முறை ஒழிந்தது. சொன்ன வேலையைச் செய், எதிர்த்துக் கேட்காதே என்ற சொல்லைத் தலைமுறையாகக் கேட்ட ஜனங்கள் அவர்கள். அவர்களிடம் போய், "குருவுக்குக் கீழ்ப்படி, பழைய பேரை விடு, கரிராமர் கும்பிடை விடு" என்று மட்டும் சொன்னால், வேதாகமத்தோடு வந்த இன்னொரு ஜாகிர்தார் என்றுதானே நினைப்பார்கள்?

சட்டமும் இந்தக் கோணலுக்குத் துணை போகிறது. மலையாளி கிறித்தவர் ஆனாலும் பழங்குடிப் பட்டியலில் இருப்பார். அவருக்குப் பாடம் சொல்லும் சேரிப் பையன் கிறித்தவன் என்றால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் திறந்த கதவு அவனுக்குத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. திண்ணையில் அவனுக்குச் சாதி உண்டு, சர்டிபிகேட்டில் கிடையாது. இந்தக் கோபத்தை அவன் யார் மேல் காட்டுவான்? தனக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல்தான் காட்டினான்.

அவனைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. நம் இயக்கங்களிலும் பயிற்சி முகாம்கள் நடத்துகிறோம். நகரத்திலிருந்து போகிறவர் மூணு மணி நேரம் பேசுகிறார். கிராமத்துத் தோழர் டீ வாங்கி வருகிறார். மலைக்குப் போனால் 'விழிப்புணர்வு ஊட்டுகிறோம்' என்கிறோம். ஊட்டுவதற்கு அவர்கள் என்ன கைக்குழந்தைகளா? காட்டையும் சாமை விதையையும் பற்றி அந்த அம்மாவுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஏசு தன் சீடர்களின் காலைக் கழுவினார் என்று யோவான் எழுதுகிறார். நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் அதை ஓர் அரசியல் செயலாகவே வாசிக்கலாம். குரு குனிந்த இடம் அது. போகிற வீட்டில் கை நனை. பெரியவர்களை 'வாங்க, போங்க' என்று கூப்பிடு. உன்னோடு வந்தவனைத் திண்ணையில் உட்கார வைத்தால் நீயும் திண்ணைக்குப் போ. ஏன் என்று அந்த வீட்டுக்காரர்களிடம் மரியாதையாகப் பேசு. சீடன் 'முடியாது' என்று சொன்னால் அதைக் காதில் வாங்கு. இவ்வளவும் செய்த பிறகு பாடம் எடு.

அடுத்த மாதம் அந்தப் பையனோடு அதே வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தடவை என் தெருப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன், உள்ளேயோ திண்ணையிலோ. என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்