புது இசைக்குக் காசு கொடுக்கணுமா?

எங்க மும்பை அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவுக்குன்னு புதுசா ஒரு இசை எழுதி வாங்கலாம்னு சொன்னேன். "ராஜா பாட்டே இருக்கு, எதுக்கு சார் தண்டச்செலவு?"ன்னார் கீபோர்டு மாமா.

ராஜாவின் வயலின் பகுதிகள் சென்னை ஸ்டுடியோக்களின் கில்லாடிகளுக்காக எழுதப்பட்டவை. அதை வாசிக்கும்போது என் பொண்ணு கடைசி வரிசையில் வில்லைக் கம்பியில் படாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். ரெண்டு வருஷமாய்!

இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன், நோவாவின் வெள்ளக் கதையை வைத்து எழுதிய 'நோயீஸ் ஃப்ளட்' 1958-ல் அரங்கேறியது. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள், கற்றுக்குட்டிகள். வயலினுக்கு மூன்று நிலைகள். கடைசி நிலைக்குப் பெரும்பாலும் விரலே வைக்க வேண்டாம், வெறும் கம்பிதான். மழைத்துளிக்குக் கயிற்றில் தொங்கும் கோப்பைகள். யாரும் சும்மா உட்காரவில்லை.

எழுதித் தருபவரை முதலில் ரெண்டு ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். யாருக்கு என்ன வரும், என்ன வராது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். "நம்ம பையன்தானே"ன்னு இழுக்காமல் முன்பணம் கொடுங்கள். மறுபடி வாசிக்க அனுமதி உண்டா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்குக் காசு கொடுக்க யோசிக்கிறோமா என்ன? என் பொண்ணோட வில் கம்பியில் படட்டும். அதுக்கு என் பங்கை நான் இப்பவே தர்றேன், மாமா.